கல்லுக்குள் புகை

சேலம் சந்திப்பிலிருந்து ஓமலூர் நோக்கிப் புறப்படும் ரயில் சற்று நேரத்திலேயே விநோதமான பெயர் கொண்ட ஒரு நிலையத்தைக் கடக்கிறது: மாக்னசைட் சந்திப்பு. ஊரின் பெயரில்லை, சாமியின் பெயரில்லை, தலைவர் பெயருமில்லை. ஒரு தாதுவின் பெயர். அதையொட்டி வெளுத்துக் கிடக்கும் கரடுகளை ஆங்கிலேயர் சுண்ணாம்புக் குன்றுகள் என்று தவறாக அழைத்தார்கள். உள்ளூரார் வெள்ளைக்கல் என்றே சொல்லி வந்திருக்கிறார்கள்.

கதையும் கவிதையும் பேசுகிற இடத்தில் கல்லும் கரியும் எதற்கு என்று வாசகர் வினவலாம். 2070க்குள் கரிம உமிழ்வை நிகர பூஜ்யமாக்குவோம் என்று 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா அறிவித்த நாள்தொட்டு ‘பசுமை எஃகு’ என்ற சொல் நாளிதழ்களில் தாராளமாகப் புழங்குகிறது. சொற்களை நிறுத்துப் பார்ப்பது நம்மைப் போன்றவர்களின் பழக்கம். இந்தச் சொல்லையும் ஓமலூர்ப் பக்கத்துத் தராசில் வைத்துப் பார்க்கிறோம்.

ஓமலூரிலிருந்து மேட்டூருக்குப் பிரியும் இருப்புப்பாதை நிலக்கரியின் பாதை. மேட்டூர் அனல்மின் நிலையமும், மேச்சேரியை அடுத்த பொட்டனேரியின் ஊதுலைகளும் அந்தத் திசையில்தான் இருக்கின்றன. கல்கரிக்கு ஏற்ற நிலக்கரியில் பெரும்பகுதியை நாடு கடல் கடந்துதான் வாங்குகிறது. இங்கெல்லாம் கரியை விலக்கும் வழி, கடினமானாலும், கண்ணுக்குத் தெரிகிறது. மின்சாரத்துக்குச் சூரியனும் காற்றும் உண்டு. இரும்புத் தாதுவிலிருந்து பிராணவாயுவைப் பிரிக்கக் கரிக்குப் பதில் ஹைட்ரஜன் போதும் என்பதை ஸ்வீடன்காரர்கள் 2021இல் செய்தே காட்டிவிட்டார்கள். செலவுதான் வழக்கு.

வெள்ளைக்கல்லின் சங்கதி வேறு. அதன் புகை எரிபொருளில் மட்டும் இல்லை, கல்லுக்குள்ளேயே இருக்கிறது. தூய வெள்ளைக்கல் 1,000 கிலோவைச் சூளையில் சுட்டால் ஏறக்குறைய 478 கிலோ மக்னீசியா மிஞ்சும். மீதி 522 கிலோவும் கரியமிலவாயுவாக வானேறும். உலை எண்ணெய்க்குப் பதில் ஹைட்ரஜனால் எரித்தாலும், சூரிய மின்சாரத்தால் சுட்டாலும் இந்தக் கணக்கில் ஒரு கிலோகூடக் குறையாது. சுடாமல் விட்டுவிடலாமே என்றால், 1,500 பாகைக்கு மேல் முற்றச் சுட்ட இந்த மக்னீசியாவில் செய்த செங்கற்கள்தான் எஃகு உருக்கும் கலன்களின் உட்சுவர். பசுமை எஃகின் நம்பிக்கையாகச் சொல்லப்படும் மின்வில் உலைக்கும் அதே செங்கல் வேண்டும். பசுமை உலையின் உட்சுவரில் இப்படியொரு புகைக்கணக்கு பூசப்பட்டிருப்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை.

எரிபொருளை மாற்றுவதும் அவ்வளவு எளிய புண்ணியம் இல்லை. சேலத்தில் கம்பெனி அதிகாரியாயிருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கியபோது, தாது சேலத்திலிருந்து போயிற்று. எரிபொருள் முழுக்க மரக்கரி. பிறகு காவிரிக்கரைப் பூலாம்பட்டியிலும் உலைகள் எழுந்தன. இன்றைய அகராதிப்படி அது ‘புதுப்பிக்கத்தக்க’ எரிபொருள். ஆனால் காடு வளரும் வேகத்தைவிட உலை தின்னும் வேகம் அதிகம். விறகுக்காக மேலும் மேலும் தொலைவு போக வேண்டியிருந்தது. 1860களோடு அந்த முயற்சி அடங்கிற்று. இப்போது ஊதுலைகளுக்குத் தாவரக் கரி என்று மறுபடியும் பேசுகிறார்கள். எந்தக் காட்டிலிருந்து, யாருடைய மேய்ச்சல் நிலத்திலிருந்து என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

சரி, மூடிவிடுவதா? மேட்டூரில் மால்கோவின் அலுமினிய உருக்கு 2008-09 வாக்கில் நின்றது. சூழலுக்காக நின்றதில்லை, கணக்குக் கட்டாமல் நின்றது. ஆலை நின்றால் ஊதியம் நிற்கிறது, அலுமினியத்தின் தேவை நிற்பதில்லை. அது வேறெங்கோ வேறு கரியில் உருகி வருகிறது. சேலத்துச் சூளைகளை அணைத்தால் செங்கல்லுக்கான மக்னீசியா சீனத்திலிருந்து வரும். வானத்துக்கு அதில் லாபமேதும் இல்லை.

இதற்கு வழி இல்லாமலும் இல்லை. தீயின் புகையும் கல்லின் வாயுவும் கலவாதபடி, கல்லை வெளியிலிருந்து சூடேற்றிச் சுடும் முறையை ஆஸ்திரேலியாவின் காலிக்ஸ் நிறுவனம் வெள்ளைக்கல்லிலேயே செய்து பார்த்திருக்கிறது. 2019இல் பெல்ஜியத்தின் லிக்ஸே சிமெண்ட் ஆலையில் சுண்ணாம்புக்கல்லுக்கும் அதைச் சோதித்தார்கள். வாயு கலப்படமின்றி வந்தால் பிடிப்பது எளிது. முற்றச் சுடுவதற்கு இன்னும் அதிக வெப்பம் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் வாயு பிரிவது அதற்கு வெகு முன்னாலேயே முடிந்துவிடுகிறது.

பிடித்ததை எங்கே வைப்பது? இயற்கையின் குறும்பை இங்கேதான் வியக்கிறோம். வெள்ளைக்கல் உண்டானதே, இந்தக் கரடுகளின் டூனைட் பாறைக்குள் கரியமிலவாயு கலந்த நீர் புகுந்து வினைபுரிந்ததால். அதாவது இயற்கை யுகக்கணக்கில் பூட்டி வைத்ததை நாம் ஒரு சூளை வேக்காட்டில் திறந்துவிடுகிறோம். அந்த டூனைட்டோ சுரங்கத்தின் அருகிலேயே மேடுமேடாகக் கிடக்கிறது. அதன் முக்கியக் கனிமமான ஆலிவினின் மக்னீசிய வகை ஒரு டன், வேதியியல் கணக்குப்படி, 600 கிலோவுக்கு மேல் கரியமிலவாயுவைக் கல்லாக்க வல்லது. வினை மிக மெதுவானது. விரைவாக்க அரைக்க வேண்டும், சூடும் அழுத்தமும் வேண்டும், அதற்கும் மின்சாரம் செலவாகும். மந்திரம் என்று யாரையும் நம்பச் சொல்லவில்லை.

இந்தச் செலவைச் சூளைக்காரன் தலையிலும் சுரங்கத் தொழிலாளி கூலியிலும் ஏற்றக் கூடாது என்பதே எங்கள் கட்சி. செங்கல்லை வாங்கும் எஃகு ஆலை, விலையோடு புகையின் கிரயத்தையும் சேர்த்துக் கொடுக்கட்டும். 2024 டிசம்பரில் மத்திய எஃகு அமைச்சகம் பசுமை எஃகுக்கு நட்சத்திரத் தரம் வகுத்தது. ஒரு டன்னுக்கு 2.2 டன் உமிழ்வுக்குக் கீழே வந்தால்தான் அந்தப் பெயர். நட்சத்திரம் கேட்டு வருகிறவர்கள் உட்சுவரின் கணக்கையும் காட்டட்டும். பரிசோதனையைத் தொடங்க வேண்டியது அரசு நிறுவனமான தமிழ்நாடு மாக்னசைட். சுரங்கமும் சூளையும் டூனைட் மேடும் அதனிடம் இருக்கின்றன. அரசுப் பொறியியல் கல்லூரி கருப்பூரில்தான் இருக்கிறது, பெரியார் பல்கலைக்கழகமும் அதே சாலையில். ஆய்வுக்கு ஒரு லாரி கல் அனுப்பப் பெரிய வாடகை ஆகாது.