நெஞ்சுவலி பெரிய மனுஷர் வியாதியா?

"நெஞ்சுவலி, நாற்காலியில் உட்கார்ந்து மூளையைக் கசக்குகிற பெரிய மனுஷர்களுக்கு வருகிற வியாதி, உடம்பால் பாடுபடுகிறவனுக்கு மூளைக்கு ஏது வேலை?" - இப்படி ஒரு பேச்சு நெடுங்காலமாய் உலவி வருகிறது. முதலாளிமார் சொல்வதில் ஆச்சரியமில்லை. நம்மவர்களிலும் சிலர் நம்பிவிட்டார்களே, அதுதான் வெட்கக்கேடு!

மூளைக்கு வேலை இல்லையாம். கட்டுமாவடிக்கு வந்து பார்க்கட்டும். இருட்டில் நாட்டுப்படகு ஏறும் மீனவன் காற்றையும் நீரோட்டத்தையும் கணக்குப் பண்ணுகிறான். 1974-லும் 1976-லும் டில்லியும் கொழும்பும் காகிதத்தில் கிழித்த எல்லைக்கோடு அலைமேல் தெரியாது. அதையும் மனசுக்குள்ளேயே சுமக்கிறான். கரைக்கு வந்தால் ஏலத்தில் சொன்னதே விலை. மீன்கூடை சுமக்கும் பெண்ணுக்கோ வாரம் தவறாமல் குழுக்கடன் தவணை. கடைமடையில் களையெடுப்பவருக்கு வாய்க்காலில் தண்ணீர் வருமா என்று கவலை. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்தபோது, தோப்பு வேலையை நம்பியிருந்த கூலிக்காரர் போட்ட மனக்கணக்கை எந்தக் கணக்குப்பிள்ளை போட்டான்? ஆலையில் முழு இரவு ஷிப்டில் சைடு பார்க்கும் தொழிலாளி ஓடிக்கொண்டே அறுந்த இழையைத் தேடுகிறாரே, அது மூளை உழைப்பு இல்லையா?

இந்த உழைப்பு இருதயத்தை என்ன செய்கிறது? நல்ல இருதயம் கடிகாரம் போல ஒரே சீராய் அடிப்பதில்லை. மூச்சை இழுக்கும்போது சற்று வேகமாகவும், விடும்போது சற்று நிதானமாகவும் அடிக்கும். துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி கூடும், குறையும். முடுக்கிவிடும் நரம்புகள் ஒரு பக்கம்; மூளையிலிருந்து இறங்கி வந்து அமர்த்தும் வேகஸ் நரம்பு மறுபக்கம். மனக்கணக்குப் போட்டாலோ, ஒன்றிலேயே கவனத்தைக் குவித்தாலோ அமர்த்தும் நரம்பு பின்வாங்குகிறது. இடைவெளியின் ஏற்ற இறக்கம் குறைகிறது. ரத்த அழுத்தம் ஏறுகிறது. இதனால் மட்டும் கெடுதல் இல்லை. ஓய்வு கிடைத்தால் பழைய நிலை திரும்பும். படிப்பகத்தில் பத்திரிகை படித்து எவர் நெஞ்சும் கெட்டதில்லை!

திரும்பவே விடாமல் அடுத்த ஷிப்டு, அடுத்த கவலை என்று ஏற்றிக்கொண்டே போனால்? அங்கேதான் ஆபத்து. 1987-ல் அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று, மாரடைப்பில் பிழைத்த 808 பேரைப் பற்றிச் சொன்னது: இந்த ஏற்ற இறக்கம் மிகவும் குறைந்தவர்களுக்கு, நன்றாக இருந்தவர்களைவிடச் சாவு அபாயம் 5 மடங்கு.

பிரிட்டிஷ் சர்க்கார் ஆண் ஊழியர்கள் 17,530 பேரை ஆராய்ந்த முடிவு 1978-ல் வெளிவந்தது. இருதய நோயில் அதிகம் செத்தது மேலதிகாரிகளா? இல்லை! கடைநிலை ஊழியர்கள், அதிகாரிகளைப் போல 3.6 மடங்கு. புகைப்பழக்கம், ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கழித்த பிறகும் இந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி அப்படியே நின்றது. பிந்திய தலைமுறை ஊழியர்களை ஆராய்ந்து 2008-ல் சொன்னார்கள்: வேலை நெருக்கடி மிகுந்தவர்களிடம் இருதயத் துடிப்பின் ஏற்ற இறக்கமும் குறைவு. உத்தரவு போடுகிறவன் நெஞ்சு அல்ல, உத்தரவுக்கு ஓடுகிறவன் நெஞ்சுதான் முதலில் தேய்கிறது!

2021-ல் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் கணக்கிட்டன: வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்ததால் 2016-ல் மட்டும் பக்கவாதத்திலும் இருதய நோயிலும் 7,45,000 பேர் மாண்டார்கள்.

அதே 2021-ல் தமிழக சர்க்கார் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கி, ரத்த அழுத்த மாத்திரையை வீட்டுக்கே அனுப்பியது. நல்ல காரியம், மாத்திரையை யாரும் பாதியில் நிறுத்தாதீர்கள். ஆனால் அதே சர்க்கார்தான் 2023 ஏப்ரல் 21-ல், ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவைச் சட்டசபையில் நிறைவேற்றியது! வாரத்துக்கு 48 மணிதான், மூன்று நாள் லீவு உண்டு என்று சமாதானம் வேறு. பன்னிரண்டாவது மணியில் இழை தேடும் கண்ணுக்கு, நாலு நாள் கழித்து வரும் லீவு என்ன ஆறுதல்? தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன, மே தினத்தன்று வாபஸ் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று.

மசோதா போயிற்று, பழக்கம் போகவில்லை. பதிவேட்டில் 8, நிஜத்தில் 12 என்று ஓட்டும் ஆலைகளில் நம் தோழர்கள் உள்ளே போன நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் தினமும் ஒரு நோட்டில் குறித்து, மாதக் கடைசியில் சங்கத்தில் ஒப்படைக்க வேண்டுகிறோம். படகிலும் வயலிலும் பாடுபடுகிறவர்களுக்கு அந்த நோட்டில்கூட இன்னும் பக்கம் இல்லை. மூச்சு வாங்கினால், நெஞ்சு இறுகினால், இடது கை கனத்தால் 'வாயு' என்று சோடா குடித்துக்கொண்டு இருக்காமல், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.