'ஓகே' என்று பதில் வந்தால் போதுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கூட இன்று டெலிகிராமில் ஒரு பாட் அமைத்துவிடுகின்றனர். வீட்டில் உள்ள பெரியவருக்கு மாத்திரை நேரத்தை நினைவூட்ட வேண்டுமா? யாரோ எழுதிய புரோகிராமைக் காப்பி செய்து, பேஸ்ட் செய்தால் மெசேஜ் போய்விடும். ஆனால், அத்துடன் வேலை முடிந்தது என எண்ணுவது சரியல்ல என்பதே என் கருத்து. அதில் உள்ள பாராமீட்டர்கள் ஒவ்வொன்றும் என்ன செய்கிறது எனத் தெரிந்துகொண்ட பின்னரே அதனை நம்ப வேண்டும்.

பாராமீட்டர் என்றவுடன் பயப்பட வேண்டாம். வங்கிச் சலானில் கணக்கு எண், பெயர், தொகை எனக் கட்டங்கள் உள்ளன அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

டெலிகிராம் 2015ல் அறிமுகப்படுத்திய பாட் ஏ.பி.ஐ.யில், டெக்ஸ்ட் மெசேஜ் அனுப்ப இரண்டு கட்டங்களைக் கட்டாயம் நிரப்ப வேண்டும். 'சாட் ஐடி' என்பது யாருக்கு. 'டெக்ஸ்ட்' என்பது என்ன செய்தி. ஒரு மெசேஜில் 4,096 எழுத்துக்குறிகள் வரை தரலாம். குரூப் எனில் ஐடி எண்ணின் முன் மைனஸ் குறி இருக்கும். அதனை விட்டுவிட்டால் 400 என்ற எண்ணுடன் பிழைச் செய்தி கிடைக்கும். உடனே சரி செய்துவிடலாம்.

பிழைச் செய்தியே தராத பாராமீட்டர்களில்தான் ஆபத்து உள்ளது. 'டிசேபிள் நோட்டிபிகேஷன்' என ஒன்று உண்டு. காப்பி செய்த புரோகிராமில் இது 'ட்ரூ' என இருந்தால், மெசேஜ் சென்று சேரும். ஆனால் போனில் ஒலி எழாது. சர்வரோ வழக்கம்போல 'ஓகே' என்றே பதில் தரும். மெசேஜை சர்வர் ஏற்றுக்கொண்டது என்பதுதான் இதன் பொருள். பெரியவர் அதைப் பார்த்தார் என்பதல்ல. மாத்திரை விஷயத்தில் இந்த வேறுபாடு சின்ன விஷயமா?

இன்னொன்று, முகவரியில் 'பாட்' என்ற சொல்லை அடுத்து வரும் நீண்ட டோக்கன். இது வீட்டுச் சாவி மாதிரி. உதவி கேட்கும்போது திரையைப் படம் எடுத்து அப்படியே அனுப்பினால், சாவியும் சேர்ந்து போய்விடும். அது கிடைத்தவர் உங்கள் பாட்டின் பெயரில் மெசேஜ் அனுப்பலாம். டோக்கன் வெளியே போய்விட்டதாகச் சந்தேகம் வந்தால், பாட்ஃபாதரில் 'ரிவோக்' கட்டளை தந்து உடனே புதிய டோக்கன் பெறவும்.

புரோகிராம் எழுதத் தெரிந்தவர்களுக்குத்தான் இதெல்லாம் என ஒதுங்க வேண்டாம். கையெழுத்துப் போடும் முன் படிவத்தைப் படிக்கிறோம். இதற்கும் அந்தப் பத்து நிமிடங்களை ஒதுக்குங்களேன்!