கருங்காலி

2003 ஜூலை மாதத்தை அன்று அரசு ஊழியராக இருந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பறிக்கப்பட்ட ஓய்வூதியச் சலுகைகளைத் திரும்பக் கேட்டு வேலைநிறுத்தம் செய்தோம். டெஸ்மா சட்டம் பாய்ந்தது. சுமார் 1,70,000 பேர் டிஸ்மிஸ். அதில் நானும் ஒருவன்.

எங்கள் பிரிவில் ஒருவர் மட்டும் வேலைக்குப் போனார். பக்கத்து மேஜைக்காரர், 12 வருடப் பழக்கம். அவர் உள்ளே போகும்போது, வாசலில் நின்ற நாங்கள் "கருங்காலி ஒழிக" என்று கத்தினோம். என் குரலும் அதில் இருந்தது. அன்று எனக்குக் கூச்சமே இல்லை. ஏதோ தர்மத்தைக் காப்பாற்றுகிற மாதிரி பெருமையாகத்தான் இருந்தது.

விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்துவிட்டுப் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினோம். அவரோடு மட்டும் யாருக்கும் பேச்சு இல்லை. அடுத்த தை மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம். ஒவ்வொரு மேஜையிலும் பத்திரிகை வைத்தார். ஒருவரும் போகவில்லை.

"நாம போனா ஆபீஸ்ல என்ன நினைப்பாங்க?" என்றேன் மனைவியிடம்.

"அந்தப் பொண்ணு என்னங்க பண்ணுச்சு?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

எங்கள் கோரிக்கை நியாயமானது என்று இன்றும் சொல்வேன். சங்கம் இல்லாவிட்டால் எங்களுக்கு நாதியில்லை. ஆனால் நியாயம் நம் பக்கம் இருக்கிறது என்ற நினைப்போடு கூட்டமும் சேர்ந்துவிட்டால், நாம் செய்கிற கொடுமை கொடுமையாகவே தெரிவதில்லை. தனியாக இருந்தால் செய்யக் கூசுவதை, பத்துப் பேரோடு சேர்ந்து கடமை என்று செய்கிறோம்.

ஓய்வு பெற்ற பிறகு, சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950களில் அமெரிக்காவில் செய்த ஒரு சோதனையைப் பற்றிப் படித்தேன். கோடுகளின் நீளத்தை ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் கூட இருந்தவர்கள், முன்பே பேசி வைத்தபடி, தப்பான விடையைச் சொன்னார்கள். சோதிக்கப்பட்டவர்களில் நாலில் மூன்று பேர் ஒரு தடவையாவது அதே தப்பைச் சொன்னார்களாம். என்னை உறுத்தியது அடுத்த பகுதி. கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னாலே, தப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது.

போன வருடம் பழைய சகா ஒருவரிடம் அந்தக் கல்யாணத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. "யாராச்சும் ஒருத்தர் கிளம்பியிருந்தா நானும் வந்திருப்பேன் சார்" என்றார். நானும் அதையேதான் நினைத்திருந்தேன். எத்தனை பேர் அப்படி ஒருவருக்கொருவர் காத்திருந்தோமோ!

அரசாங்கத்துக்கு மன்னிப்புக் கடிதம் கொடுத்தோம். அவருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லலாம் என்றால் இன்று அவர் இல்லை.

இப்போதெல்லாம் குடியிருப்போர் சங்கத்திலோ உறவுக்குள்ளோ ஒருவரை ஒதுக்குகிறார்கள் என்று தெரிந்தால், முதல் ஆளாகப் போய்ப் பேசப் பார்க்கிறேன். எல்லா நேரமும் தைரியம் வருவதில்லை. அப்போது அந்தக் கல்யாணப் பத்திரிகையை நினைத்துக்கொள்கிறேன்.