விளையாட்டு அறையை எப்போது திறப்பார்கள்?

தீபாவளி வந்தால் எங்கள் திருப்பூரில் ஒரு வாரத்துக்கு மிஷின் சத்தமே கேட்காது. போனஸ் பட்டுவாடா முடிந்ததும் பனியன் கம்பெனிகளில் வேலை செய்பவர்கள் மதுரை, தேனி, திருநெல்வேலி என்று பஸ் பிடித்துப் போய்விடுவார்கள். கட்டிங் இல்லை, செக்கிங் இல்லை, ஷிப்மென்ட் இல்லை. மற்ற நாளில் ஒன்றரை ஷிப்ட் முடித்து, ராத்திரி பத்து மணிக்கு வீடு வருகிற ஆண்களுக்கு அந்த ஒரு வாரம்தான் லீவு. சொந்த ஊரே இதுதான் என்கிற எங்களைப் போன்றவர்கள் எங்கே போவது? இப்போதெல்லாம் கடற்கரை ரிசார்ட்டுக்குப் போகிறோம். அங்கே நடக்கும் ஒரு விஷயத்தைப் பற்றித்தான் சகோதரிகளுக்கு எழுதுகிறேன்.

போன தீபாவளிக்கு மாமல்லபுரம் பக்கம் ஒரு விடுதியில் 3 நாள் தங்கினோம். பேர் வேண்டாம். நான் மாசாமாசம் கட்டிய சீட்டுப் பணமும் அதில் சேர்த்தி. போனில் பதிவு செய்யும்போதே நான் கேட்டது ஒன்றுதான். "குழந்தைகள் கிளப் எத்தனை மணி வரைக்கும் இருக்குங்க?" "நாள் பூரா உண்டு மேடம்" என்றார்கள்.

அங்கே போய்ப் பார்த்தால் கதவில் போர்டு. காலை 10 முதல் 1 வரை, மாலை 4 முதல் 6 வரை. ஒரு நேரத்துக்கு 15 பிள்ளைகள்தான். 5 வயசுக்குக் கீழே என்றால் பெரியவர் ஒருவர் கூடவே உட்கார வேண்டும். பெரியவர் என்றால் யார்? அம்மாதான். என் பெண்ணுக்கு 8 வயசு, பையனுக்கு 4. ஆக, 450 கிலோமீட்டர் தாண்டிப் போய், ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்து நான் கலர் பேப்பர் ஒட்டினேன்!

இந்த நேரத்தை யார் குறித்தார்களோ தெரியவில்லை. காலை பத்து மணிக்குப் பிள்ளைகள் நீச்சல் குளத்தை விட்டு வருவார்களா? சாயங்காலம் 4 மணிக்கு வெயில் தாழ்ந்து மணலில் கால் வைக்கலாம் என்கிறபோது, நாலு சுவருக்குள் கூப்பிட்டால் எந்தக் குழந்தை வரும்? மத்தியானம் 1 முதல் 4 வரை வெளியே தலை காட்ட முடியாது. அப்போது அறை பூட்டிக் கிடக்கிறது. ராத்திரி சாப்பாட்டுக் கூடத்தில் தட்டு ஏந்தி வரிசையில் நிற்கிறபோது ஒன்று அழுகிறது, ஒன்று ஓடுகிறது, அப்போதும் பூட்டு. அம்மா ஒரு மணி நேரம் கண்ணை மூடலாம், சூடாக ஒரு வாய் சாப்பிடலாம் என்று இருக்கிற நேரமெல்லாம் பார்த்துப் பார்த்துப் பூட்டியிருக்கிறார்கள்.

நான் பத்தாவது வரைதான் படித்தவள். ஆனால் பனியன் ஊரில் பிறந்ததால் ஒரு சட்டம் தெரியும். 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் 6 வயசுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. 2017-ல் வந்த மகப்பேறு சட்டத் திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் காப்பகம் வைத்து, தாய் ஒரு நாளைக்கு 4 தடவை போய்ப் பார்த்து வரவும் விட வேண்டும் என்றது. எல்லாக் கம்பெனியும் ஒழுங்காகச் செய்ததா என்பது வேறு பேச்சு. காப்பகம் என்றால் தாயின் நேரத்தை அனுசரித்துத் திறக்க வேண்டும் என்ற நியாயமாவது அதில் இருக்கிறது. காசு கொடுத்துப் போகிற இடத்தில் அது கிடையாதா?

அந்த அறையைப் பார்த்துக்கொண்ட இரண்டு பெண்களைக் குறை சொல்ல மாட்டேன். பாவம், அவர்களும் பஸ் பிடித்து வீட்டுக்குப் போக வேண்டியவர்கள். இருக்கிற 5 மணி நேரத்தை மாற்றிப் போடச் சொல்கிறேன். மத்தியானம் 1 முதல் 4 வரை, ராத்திரி 7 முதல் 9 வரை. அதே 5 மணி நேரம்தான்! ராத்திரி இருப்பவர்களை விடுதி வண்டியிலேயே கொண்டு போய் விடட்டும். தீபாவளி, அரைப் பரீட்சை லீவு, மே மாசம் மூன்றுக்கும் மட்டும் இன்னும் இரண்டு பேரைக் கூடுதலாகப் போடட்டும். ரேட்டை மட்டும் அந்த நாட்களில் ஏற்றத் தெரிகிறதே!

கூட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர், கோயம்புத்தூர், ஈரோடு எல்லோருக்கும் ஒரே வாரம் லீவு. குளத்தங்கரையில் பார்த்தால் டையிங் பட்டறைக்காரர் ஒருவர். அப்புறம் என்ன, அவரும் என் வீட்டுக்காரரும் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு நூல் விலை பேசினார்கள். போதாததற்கு, வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கிழக்குக் கரையில்தான் கொட்டுகிறது. தீபாவளியோ அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் வந்துவிடும். அலை பெரிசாக இருக்கிறது, கடலில் இறங்காதே என்கிறார்கள். கடலுக்குப் போக வேண்டிய பிள்ளைகள் அத்தனை பேரும் அந்தக் குளத்திலும் அந்த ஒரே அறையிலும்தான் முட்டி மோதுகிறார்கள். டோக்கன் தீர்ந்துவிட்டது என்று என் பெண்ணையே இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள்.

சென்னை மெரினாவில் காணும் பொங்கலன்று லட்சக்கணக்கில் ஜனம் வருகிறது. கடலில் இறங்கத் தடை போட்டு, குழந்தைகள் கையில் பெற்றோர் போன் நம்பர் எழுதிய பட்டையைக் கட்டிவிடுகிறது போலீஸ். இலவச மணலில் அதைச் செய்ய முடிகிறபோது, ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் வாங்கும் விடுதியில் ஏன் முடியாது? குளத்துக்கு ஒரே ஒரு காவலர், அவர் கையிலும் செல்போன்.

என் ஓரகத்தி வீட்டில் கோழிக்கோடு பக்கம் காப்பாடு போய் வந்தார்கள். 2020-ல் நீலக்கொடிச் சான்று வாங்கிய கடற்கரை அது. திருப்பூரிலேயே ரயில் ஏறலாம். ஆனால் அங்கும் ஐப்பசியில் சாயங்காலம் இடி மழைதான். அதனால் தீபாவளி வாரம் வேண்டவே வேண்டாம், பிப்ரவரியில் ஒரு சனி, ஞாயிறோடு திங்களையும் சேர்த்துப் போகலாம் என்பது என் கட்சி. மழை ஓய்ந்து கடலும் அடங்கியிருக்கும். பள்ளிக்கூடம் ஒரு நாள் போனால் போகட்டும். டீச்சர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். "ஷிப்மென்ட் நேரத்துல எப்படி அம்மிணி வர்றது?" என்கிறார் வீட்டுக்காரர். ஒரு திங்கட்கிழமைதானே, கட்டிங் மாஸ்டர் பார்த்துக்கொள்ள மாட்டாரா என்றேன். இன்னும் பதில் வரவில்லை.

அவர் பதில் சொல்வதற்குள், மத்தியானமும் ராத்திரியும் பிள்ளைகள் அறையைத் திறந்து வைக்கும் விடுதி ஏதாவது வாசகியருக்குத் தெரிந்தால் இந்தப் பகுதிக்கு எழுதுங்கள். சிறுசுகளைத் தனியாக விடலாமா, எத்தனை பிள்ளைக்கு எத்தனை ஆள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த சீட்டு தை மாசம் எனக்கு விழுகிறது.

- ஒரு வாசகி, அனுப்பர்பாளையம், திருப்பூர்