ரிவால்வர் கிளப்பிலேயே இருக்கட்டும்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியா வென்ற ஆறு பதக்கங்களில் மூன்று துப்பாக்கி சுடுதலில் வந்தவை. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டியில் நடிகர் அஜித் குமார் பதக்கம் வென்ற செய்தி தமிழ்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அடையாறிலும் வேலை முடிந்த மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ குறிபார்த்துச் சுடப் பழக வேண்டும் என்ற ஆசை பலருக்கு வந்திருப்பதில் வியப்பில்லை. மூச்சை அடக்கி, கையை நிலைநிறுத்தி, மனத்தை ஒரு புள்ளியில் குவிக்கும் அருமையான விளையாட்டு அது. ஆனால் அந்த ஆசையோடு ஒட்டிக்கொண்டே ஒரு கேள்வியும் வருகிறது: எந்த .22 ரிவால்வரை வாங்கலாம்? விளையாட்டுக்காகத்தான் வாங்குகிறோம் என்றால், சொந்தமாக எதையும் வாங்கி வீட்டில் வைக்க வேண்டாம் என்பதே என் பதில். இந்த விளையாட்டின் கணக்கும், நம் நாட்டுச் சட்டமும், நம் வீடுகளின் நிலையும் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன.

முதலில் தோட்டாவைப் பற்றி நியாயமாகப் பேசிவிடலாம். பெரிய தோட்டாக்களில் அடிப்பகுதியின் நடுவில் தனியாக ஒரு சிறு வெடிமூடி இருக்கும். .22 வகையில் அது கிடையாது. தீப்பற்றும் மருந்து, தோட்டா உறையின் விளிம்புக்குள்ளேயே பூசப்பட்டிருக்கும். சுத்தியல் விளிம்பைத் தட்டியதும் மருந்து பற்றிக்கொள்ளும். அதனால்தான் ரிம்ஃபயர் என்று பெயர். உறை மெல்லியது, அழுத்தம் குறைவு, கையில் உதைப்பும் குறைவு, விலையும் மற்றவற்றைவிட மலிவு. இன்று உலகம் முழுவதும் சுடப்படும் .22 லாங் ரைபிள் தோட்டா 1887-ல் அமெரிக்காவில் பிறந்தது. பாரிஸில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைபிள் போட்டியில் வெண்கலம் வென்றதும், 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் 25 மீட்டர் பிஸ்டல் போட்டியில் வெள்ளி வென்றதும் இதே தோட்டாவால்தான். ஆகவே .22 தோட்டாவைத் தேர்ந்தெடுப்பவர் தவறு செய்யவில்லை. அதைச் சுடுவதற்கு எந்தக் கருவி, அந்தக் கருவி இரவில் எங்கே இருக்கும் என்பதில்தான் சிக்கல்.

ஆறு அங்குலக் குழாயும் திருத்தி அமைக்கக்கூடிய குறியும் கொண்ட நல்ல .22 ரிவால்வர் பழகுவதற்கு இனிமையான கருவி. ஒவ்வொரு குண்டும் நிதானமாகப் போகும். உருளையைத் திறந்தால் காலியா, நிரம்பியதா என்று கண்ணுக்குத் தெரியும். ஆனால் இந்தியாவில் சாதாரணக் குடிமகன் வெளிநாட்டுக் கைத்துப்பாக்கியை இறக்குமதி செய்ய முடியாது. அந்தச் சலுகை தேர்ந்த போட்டியாளர்களுக்கும் சங்கங்களுக்கும்தான். உள்நாட்டில் அரசின் இஷாப்பூர் தொழிற்சாலை 2016-ல் ‘நிடர்’ என்ற .22 ரிவால்வரைக் கொண்டுவந்தது. அதன் எடை சுமார் 250 கிராம். அச்சமற்றவர் என்ற பொருள் தரும் பெயரே சொல்கிறது, அது தற்காப்புக்காகப் பையில் வைத்துச் செல்லச் செய்தது என்று. குறிபார்க்கும் விளையாட்டுக்கு வேண்டியது இதற்கு நேர் எதிரானது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குழாய் நுனியில் உள்ள முள்ளையும் பின்னால் உள்ள பள்ளத்தையும் ஒரே கோட்டில் கொண்டுவருவதுதான் குறிபார்ப்பது. இரண்டுக்கும் இடையே 10 செ.மீ. மட்டுமே இருக்கும் குட்டைத் துப்பாக்கியில் முள் ஒரு மில்லிமீட்டர் விலகினால், 25 மீட்டர் தள்ளி இருக்கும் அட்டையில் குண்டு 25 செ.மீ. விலகிப் போகும். சர்வதேச விதி அனுமதிக்கும் அதிகபட்ச இடைவெளி 22 செ.மீ.; அதில் அதே பிழை 11 செ.மீ. சொச்சத்தோடு நின்றுவிடும். 25 மீட்டர் போட்டியின் நிதானச் சுற்றில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமோ வெறும் 5 செ.மீ. பைக்குள் அடங்கும் துப்பாக்கியில் பழகுபவர், தன் கை தவறுகிறதா, கருவி தவறுகிறதா என்று தெரியாமலே மாதக்கணக்கில் தோட்டாவைச் செலவழிப்பார்.

இன்னொன்றும் உண்டு. துப்பாக்கி சுடுதலில் பாதிக்கு மேல் கற்பது தோட்டா இல்லாமல் விசையை மட்டும் இழுத்துப் பழகும் வெற்றுப் பயிற்சியில்தான். ரிம்ஃபயர் துப்பாக்கிகள் பலவற்றில் அப்படி வெறுமனே இழுத்தால் சுத்தியலின் ஊசி தோட்டா அறையின் விளிம்பிலேயே போய் மோதும். நாளடைவில் இரும்பு பள்ளம் விழுந்து துப்பாக்கி கெடும். போட்டிக்கான 10 மீட்டர் ஏர் பிஸ்டல்களில் இதற்கென்றே தனி அமைப்பு இருக்கிறது. நம் விதிகளின்படி 0.177 அங்குலக் குழாயும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்சும் தேவையில்லை. பாரிஸில் மனு பாக்கர் வென்ற இரண்டு வெண்கலமும் ஏர் பிஸ்டலில் வந்தவை. 2021-ல் டெல்லி உலகக் கோப்பையில் நம் வீராங்கனை ஸ்ரீநிவேதா இடம்பெற்ற இந்தியப் பெண்கள் அணி தங்கம் வென்றதும் அதே 10 மீட்டர் ஏர் பிஸ்டலில்தான். அதைக் குழந்தை விளையாட்டு என்று நினைப்பவர்கள் அட்டையைப் பார்க்க வேண்டும். அதில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர்.

சட்டம் என்ன சொல்கிறது? 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவைப் படித்தால் அதை எழுதியவர்களின் எண்ணம் தெளிவாகத் தெரியும். அங்கீகரிக்கப்பட்ட ரைபிள் கிளப்பின் உறுப்பினர், இலக்குப் பயிற்சிக்காக .22 ரைபிளோ ஏர் ரைபிளோ கேட்டால், மறுப்பதற்குச் சட்டம் சொல்லும் தடை எதுவும் இல்லாதவரை அதிகாரி லைசென்ஸ் கொடுத்தாக வேண்டும். ரிவால்வர் அந்த வரியில் இல்லை. அது ‘மற்றவை’ என்ற கூட்டத்தில் நிற்கிறது. தக்க காரணம் இருப்பதாக அதிகாரி, சென்னையில் என்றால் போலீஸ் கமிஷனர், திருப்தியடைந்தால்தான் கிடைக்கும். இதைச் சிலர் அதிகார வர்க்கத்தின் பிடிவாதம் என்பார்கள். எனக்கு இது தெளிந்த பார்வையாகவே படுகிறது. பயிற்சிக்கான துப்பாக்கியையும் சட்டைக்குள் மறைத்துவைக்க முடிகிற துப்பாக்கியையும் அது பிரித்துப் பார்த்தது. விளையாட்டை கிளப்போடு சேர்த்துக் கட்டியது. 1951-ல் தொடங்கிய தேசிய ரைபிள் சங்கத்தின் முதல் தலைவராக இருந்தவர் மக்களவை சபாநாயகர் மாவ்லங்கர். அன்று முதல் இந்தியாவில் இந்த விளையாட்டு சங்கங்கள் வழியாகத்தான் வளர்ந்து வந்திருக்கிறது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வீடு. .22 சின்னத் தோட்டாதானே என்பார்கள். தடையில்லாமல் பறந்தால் அது ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் போகும். கபாலீசுவரர் கோயிலிலிருந்து சாந்தோம் தேவாலயத்துக்கு அவ்வளவு தூரம்கூட இல்லை. தி.நகரில் சுவரோடு சுவர் ஒட்டிய அடுக்குமாடிகளில் அதற்கு என்ன பொருள் என்று விளக்க வேண்டியதில்லை. இதைவிடக் கனமான சான்று ஒன்று இருக்கிறது. கலிபோர்னியாவில் 2 கோடியே 60 லட்சம் பேரைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2020-ல் வெளியானது. கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள், வைத்திராத ஆண்களைவிட எட்டு மடங்கு அதிகமாகத் துப்பாக்கியால் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்களில் அது 35 மடங்கு. துன்பம் வரும் நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பது உயிரைத் தீர்மானிக்கிறது. இதை நாம் அமெரிக்காவிடமிருந்து கற்க வேண்டியதில்லை. 1986-ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய ‘ஸ்நேகா’வைச் சேர்ந்தவர்கள், கடலூர் மாவட்டக் காட்டுமன்னார்கோயில் வட்டாரக் கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொதுக் கிடங்கில் பூட்டுப்பெட்டிகளில் வைக்கும் முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். மருந்து விவசாயியுடையதுதான், சாவியும் அவரிடம்தான். ஆனால் போய் எடுத்து வர வேண்டும். அந்தக் கிராமங்களில் தற்கொலைகள் குறைந்ததை 2013-ல் வெளியான அவர்களின் ஆய்வு பதிவு செய்தது. கிளப்பின் ஆயுத அறையும் அதே வேலையைத்தான் செய்யும். நடந்து போய் வாங்க வேண்டியிருக்கிறது என்ற அந்தச் சிறு தடை ஒரு குடும்பத்தைக் காப்பாற்றும்.

இதற்கு வரும் மறுப்புகளை நான் ஒதுக்கவில்லை. சர்வதேசப் பதக்கம் வென்றவர்கள் பன்னிரண்டு துப்பாக்கிகள் வரை வைத்துக்கொள்ள 2020-ல் மத்திய அரசு அனுமதித்ததே என்று கேட்கலாம். அனுமதித்தது சரிதான்; அவர்கள் நாட்டுக்காக ஆடுபவர்கள், ஆண்டுக்கணக்கில் சங்கத்தின் கண் முன்னால் தங்கள் ஒழுக்கத்தை நிரூபித்தவர்கள். ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்குக்கு அதே அளவுகோல் பொருந்தாது. பொறுப்பானவர் பூட்டித்தானே வைப்பார் என்பது அடுத்தது. பூட்டி வைப்பார், உண்மைதான். ஆனால் வெளியூர்ப் பயணம், வீடு மாற்றுவது, வளரும் பிள்ளைகள், தேர்தல் வரும்போதெல்லாம் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லும் உத்தரவு என்று அந்தப் பூட்டுக்கு வரும் சோதனைகள் நிறைய. மாதம் நான்கு முறை சுடுவதற்காக முப்பது நாளும் காவல் காப்பது எந்தக் கணக்கில் சேரும்? கிளப் துப்பாக்கி பலர் கைபட்டது, நம் கைக்குப் பொருந்தாது என்ற குறை நியாயமானது. ஆனால் தொடங்குபவருக்குக் கை இன்னும் படியவே இல்லை. பிடியை மாற்றிக்கொள்ளும் துப்பாக்கிகளை கிளப் வாங்கி வைத்தால் இந்தக் குறையில் பெரும்பகுதி தீரும்.

நான் முழுமையாக ஒப்புக்கொள்ளும் மறுப்பு ஒன்றே ஒன்று: தூரம். அடையாறிலிருந்து எழும்பூர் ரைபிள் கிளப்புக்கு மாலை நெரிசலில் போய் வருவதற்குள் பொழுதே முடிந்துவிடும். சொந்தத் துப்பாக்கி ஆசையை வளர்ப்பதில் இந்தத் தூரத்துக்கும் பங்கு உண்டு. 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தளத்துக்கு ஒரு நீண்ட கூடமும் நல்ல வெளிச்சமும் குண்டு தாங்கும் தடுப்பும் போதும். தென் சென்னையில் மாநகராட்சிப் பள்ளிகளும் விளையாட்டுக் கூடங்களும் எத்தனையோ இருக்கின்றன. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் அவற்றில் சிலவற்றை மாலையில் திறந்துவிட வேண்டும். ரைபிள் கிளப்கள் நீண்ட குழாய் கொண்ட .22 பிஸ்டல்களையும் ரிவால்வர்களையும் தங்கள் பெயரில் வாங்கிவைத்து, பயிற்சியாளர் முன்னிலையில் புதிய உறுப்பினருக்கும் நியாயமான கட்டணத்தில் கொடுக்க வேண்டும். ரிவால்வர் வாங்கும் எண்ணத்தில் இருக்கும் வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: அந்தப் பணத்தில் கிளப் சந்தாவைக் கட்டி, ஓர் ஆண்டு ஏர் பிஸ்டலில் பழகுங்கள், பிறகு கிளப்பின் .22-ஐ கையில் எடுங்கள். சுட்டு முடித்ததும் துப்பாக்கியை அங்கேயே ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.