முளை அடிக்க மண் எங்கே?

எல்லைப்புறத்துக்குக் குடும்பத்தோடு மாடு ஓட்டிச் சென்று, பட்டி அடைத்து, பண்ணை கண்ட அமெரிக்கக் குடியானவனின் வாழ்க்கை ஒரு காவியமாகவே போற்றப்படுகிறது. அவனைப் பற்றிய நாவல்களும் திரைப்படங்களும் நம் இளைஞர்களையும் மயக்கியிருக்கின்றன. அவனுடைய நெஞ்சுரத்தைப் பாடியவர்கள், அவன் கையிலிருந்த உறுதிப்பத்திரத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. 1862-இல் நிறைவேறிய குடியேற்றச் சட்டம், ஐந்தாண்டுகள் குடியிருந்து பயிரிட்டவனுக்கு 160 ஏக்கர் நிலத்தை ஏறக்குறைய இலவசமாகவே எழுதிக் கொடுத்தது. வறண்ட பிரதேசத்தில் மாடு வளர்க்க அது போதாதென்று கண்டு, 1916-இல் மற்றொரு சட்டம் 640 ஏக்கர் வரை தந்தது. அந்த மண் ஆதிக்குடிகளிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதையும் நாம் மறத்தலாகாது. ஆயினும் மாடு வளர்ப்பவனுக்கு முதலில் நிலம் வேண்டும் என்ற உண்மையை அந்த அரசு அறிந்திருந்தது.

கண்டிச் சீமைக்கும் ஓர் எல்லைப்புறக் காலம் இருந்தது. 1825-இல் தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ், பேராதனைக்கு அருகே கன்னொருவையில் கோப்பித் தோட்டம் திறந்தார். 1840-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், எதிர்மாறாக நிரூபிக்கப்படும்வரை முடிக்கே உரியவை என்றது. தலைமுறை தலைமுறையாக எருமை மேய்த்த காட்டுக்கும் சேனை வெட்டிய சரிவுக்கும் கிராமத்தவனிடம் காகிதம் ஏது? ஏக்கர் ஐந்து சிலிங் வீதம் அவை விலைபோயின. அரசாங்க உத்தியோகத்தர் பலரே வாங்கிக் குவித்தனர். மேய்ச்சல் நிலம் தோட்டமானபின், பழைய தடத்தில் நடந்த மாடு அத்துமீறிய மாடாயிற்று. துரைமார் அதைப் பிடித்து அடைத்தனர். சில இடங்களிற் சுட்டும் வீழ்த்தினர். 1876-இல் கால்நடை அத்துமீறலுக்கென்றே ஒரு கட்டளைச்சட்டமும் பிறந்தது.

இந்தத் தோட்டங்களை உண்டாக்கியது யார்? மரம் வீழ்த்தியதிற் சிங்களக் கிராமத்தவர்க்கும் பங்குண்டு. கன்று நட்டு, களை பிடுங்கி, பழம் பறித்து, எருச் சுமந்தவர்கள் மன்னாரிலிருந்து மாத்தளைக் காட்டுவழியே நடந்து வந்த தென்னிந்தியத் தமிழர். கால்நடையாய் வந்தவர்கள் கால்நடையிலும் கீழாகவே நடத்தப்பட்டனர். இது வெறும் சொல்லலங்காரமன்று. கோப்பி எருக் கேட்கும் பயிராதலால், தோட்டங்கள் மாட்டுப்பட்டிகளை வைத்தன. அவற்றின் தீவனத்துக்காகக் கினிப்புல்லும் பயிரிட்டன. மாட்டின் புல்லுக்கு நிலம் ஒதுக்கிய துரைத்தனம், மனிதக் குடும்பத்துக்கு ஒதுக்கியது பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிரா ஒன்றே. 1867-இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். 1869-இல் தோன்றிய இலைநோய் கோப்பியைக் கொன்றது. பயிர் மாறிற்று; லயம் மாறவில்லை.

அந்த லயத்தின் பின்புறத்தில், தகரமும் பழஞ்சாக்கும் கொண்டு கட்டிய கொட்டிலில், இன்று ஒரு பசு நிற்கிறது. ஹந்தானையிலும் தெல்தோட்டையிலும் கலஹாவிலும் இந்தக் காட்சியைக் காணலாம். எங்கள் நாட்டு மாட்டுப் பண்ணையாளன் இவன்தான். விடியுமுன் எழுந்து பால் கறக்கிறான். பிள்ளை பள்ளிக்குப் போகும் வழியிலே பாலைச் சேகரிப்பு நிலையத்தில் ஊற்றிச் செல்கிறது. மனைவி பெரட்டுக்கு ஓடுகிறாள். நாள் முழுதும் மலையிற் கொழுந்து பறித்தவள், மாலையில் வீடு திரும்புமுன் புல்லறுக்கப் போகிறாள். நானூறு கிலோ எடையுள்ள கறவைப் பசு நாளொன்றுக்கு ஏறத்தாழ நாற்பது கிலோ பசும்புல் தின்னும். அவ்வளவையும் கான் ஓரத்திலும் தெருவோரத்திலும் அட்டைக்கடியோடு அறுத்து, தலைச்சுமையாய்ச் சுமப்பவள் அவளே. பாலுக்கு விலை வைக்கும்போது அந்த உழைப்பை எவரும் கணக்கிடுவதில்லை.

இத்தனைக்கும் அவர்களுடையது என்று சொல்லத்தக்கது பசு மட்டுமே. பசு நிற்கும் மண் தோட்டத்தினுடையது. அது தின்னும் புல்லும் தோட்டத்தினுடையது. கயிறு அறுந்து பசு தேயிலைக்குள் இறங்கினால் தண்டம். நிர்வாகம் முகம் சுளித்தால் கொட்டிலைப் பிரிக்க வேண்டும். பத்திரமில்லாதவனுக்கு வங்கிக் கதவும் எளிதில் திறப்பதில்லை.

இங்கேதான் நம் கனவான்கள் சிலர் குறுக்கிடுகிறார்கள். "கறவை மாடு கொடுங்கள், கடன் கொடுங்கள், தொழிலாளி சுயதொழில் முதலாளியாகிவிடுவான்" என்பது அவர்களுடைய உபதேசம். பசுவைக் கொடுத்துவிட்டு, அதைக் கட்ட ஒரு முளை அடிக்கும் மண்ணை மறுப்பது எந்த அபிவிருத்தி? கணக்கைப் பாருங்கள். வீடமைப்புத் திட்டங்களில் முதலில் குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் என்றார்கள். பிறகு 10 பேர்ச்சஸ் என்றார்கள். ஓர் ஏக்கர் 160 பேர்ச்சஸ். பத்துப் பேர்ச்சஸ் கைக்கு வந்தாலும் அது ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு. அதில் வீடும் கிணறும் கழிப்பறையும் போக, பசுவுக்கு எஞ்சுவது நிழல்தான். 2022-இல் இந்த நாட்டு மக்கள் பால்மாவுக்கு வரிசையில் நின்றார்கள். கடல்கடந்து வரும் மாவுக்கு அந்நியச் செலாவணி தேடும் தேசம், கண்டிக்கு அருகிலேயே பால் கறக்கும் கைகளுக்குப் புல்வெளி தர மறுக்கிறது.

"தொழிலாளிக்கு நிலம் கொடுத்தால் கண்டிய விவசாயிக்கு அநீதியாகும்" என்பது இரண்டாவது குரல். கண்டிய விவசாயி நிலத்தை இழந்தது உண்மை. அவனுடைய மேய்ச்சற்காட்டைப் பறித்தது 1840-இன் சட்டம்; லயத்தில் அடைபட்டிருந்த கூலியல்லன். பறித்தவன் பங்கைப் பற்றிப் பேசாமல், பறிகொடுத்தவனையும் உழைப்பைப் பறிகொடுத்தவனையும் மோதவிடுவது பழைய தந்திரம். 1948-இன் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964-இன் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலையெண்ணிப் பங்கிட்டது. கப்பலில் மனிதரை ஏற்றலாம். பசுவை ஏற்ற முடியாது. 1972-இலும் 1975-இலும் வந்த நிலச்சீர்திருத்தம், பிரிட்டிஷ் கம்பனிகளின் தோட்டங்களையும் அரசுடைமையாக்கியது. நாம் வரவேற்க வேண்டிய செயல் அது. ஆயினும், நிலம் பங்கிடப்பட்ட இடங்களில் அதைப் பண்படுத்தியவனுக்குப் பங்கில்லை. வேலையிழந்த குடும்பங்கள் கண்டித் தெருக்களிற் கையேந்தின. 1977 மே மாதத்தில், டெவன் தோட்ட நிலம் பறிபோவதை எதிர்த்த போராட்டத்திற் சிவனு லட்சுமணன் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். பிரஜாவுரிமை வழங்கும் சட்டமொன்று 2003-இல் நிறைவேறிற்று. வாக்குச்சீட்டு கிடைத்தது, நிலப்பத்திரம் கிடைக்கவில்லை.

கொடுக்க நிலமில்லையா? 1992-க்குப் பின் பெரும்பாலான தோட்டங்கள் கம்பனிகளின் கைக்கு மாறின. ஆனால் கண்டியைச் சுற்றியுள்ள தோட்டங்கள் பல இன்னும் ஜனவசம, அரச பெருந்தோட்ட யாக்கம், எல்கடுவை ஆகிய அரச நிறுவனங்களின் வசமே உள்ளன. அவற்றிற் கைவிடப்பட்ட மலைகளில் மானாப்புல் மண்டிக் கிடக்கிறது. அந்தத் தரிசிலிருந்து குடும்பமொன்றுக்குக் கால் ஏக்கர், அதாவது 40 பேர்ச்சஸ், பத்திரத்தோடு கொடுத்தால் தீவனப்புல் பயிரிட்டு ஒரு பசுவையேனும் கவலையின்றிக் காக்கலாம். பத்திரம் மனைவியின் பெயரிலும் இருக்கட்டும். புல் சுமந்தவள் அவள். அயற்கிராமத்து நிலமற்ற சிங்களக் குடும்பத்துக்கும் அதே அளவு கிடைக்கட்டும். பாலை விற்க இருவருக்கும் ஒரே கூட்டுறவுச் சங்கம் இருக்கட்டும். 640 ஏக்கரை யாரும் இங்கே கேட்கவில்லை.

ஆசிரிய நண்பர்களே, உங்கள் வகுப்புகளில் தோட்டம் திறந்த துரைமாரின் பெயர்களையும் ஆண்டுகளையும் பிள்ளைகள் மனனம் செய்கிறார்கள். காலையில் பால் ஊற்றிவிட்டு உங்கள் வாங்கில் வந்து அமரும் பிள்ளையிடம், அதன் பசு நிற்கும் மண் யாருடையது என்று கேளுங்கள். மாணவத் தோழர்களே, விடுமுறையில் ஊர் திரும்பும்போது உங்கள் தோட்டத்தில் தரிசாய்க் கிடக்கும் மலைகளை அளந்து எழுதுங்கள். கொட்டில்களையும் பசுக்களையும் எண்ணி எழுதுங்கள். நிலமில்லை என்று சொல்லும் அமைச்சர்களின் மேசைமீது அந்தக் கணக்கை வைப்போம்.