ஓதி முடித்தவர் யார்?

‘மாப்பிள்ளை எங்கே ஓதி முடித்தார்?’ என்பது நம்மவர் இல்லங்களில் சம்பந்தம் பேசும்போது கேட்கப்படும் கேள்வி. ‘புதிய ஹஜ்ரத் எந்த மதரஸாவில் ஓதி முடித்தவர்?’ என்பது பள்ளிவாசல் நிர்வாகக் கூட்டத்தில் எழும் கேள்வி. கல்லூரிக்குச் சென்ற பிள்ளையைப் பற்றியும், ‘படிப்பு முடிந்துவிட்டது, இனி வேலை பார்க்க வேண்டியதுதான்’ என்கிறோம். வீட்டைக் கட்டி முடித்தோம், கடனை அடைத்து முடித்தோம் என்பது போலவே கல்வியையும் முடித்துவிட்டதாகக் கூறிக்கொள்கிறோம். இந்தச் சொல்லோடு வழக்காடவே நாம் வந்துள்ளோம். சொல்லோடு மட்டுமன்று, அதன் பின்னே நிற்கும் எண்ணத்தோடும், அவ்வெண்ணத்தால் நம் ஆலிம்களுக்கும் குடும்பங்களுக்கும் நேர்ந்துவரும் இழப்போடும்தான் நம் வழக்கு.

அரபிக் கல்லூரியில் ஏறத்தாழ ஏழாண்டுக் காலம் ஓதுகிறார் ஒரு மாணவர். ஸர்ஃபும் நஹ்வும் தொடங்கி, ஃபிக்ஹு, உஸூல், மன்திக், தஃப்ஸீர் என ஏறிச் சென்று, இறுதியாண்டில் ஹதீஸ் கிதாபுகளை உஸ்தாதின் முன் ஓதி, ஸனதும் தலைப்பாகையும் பெற்று வெளிவருகிறார். இந்த ஏழாண்டில் அவர் பெற்றதென்ன? கிதாபுகளைத் தாமே விளங்கிக்கொள்ளும் ஆற்றல். கிதாபுகள் அனைத்தையும் கற்றுவிட்டார் என்று எவரும் மயங்க வேண்டா. அவருடைய உஸ்தாதுமார் அவ்வாறு ஒருபோதும் கூறுவதில்லை. நாம்தான் கூறுகிறோம். உண்மையான வாசிப்பு தொடங்க வேண்டிய வயதில் அவரை அழைத்து வந்து மிஹ்ராபில் நிறுத்தி, ‘ஓதி முடித்தவர்’ என்று பட்டம் சூட்டி, அதன்பின் அவர் ஓதவே இயலாதவாறு அவருடைய நாளைப் பங்கு போட்டுக் கொள்கிறோம்.

அந்த நாளைச் சற்று நோக்குவோம். ஸுப்ஹுத் தொழுகை. தொடர்ந்து மக்தபுப் பிள்ளைகள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் சென்ற பின் ஒரு வீட்டில் பாத்திஹா, மறு வீட்டில் கடை திறப்பு துஆ. லுஹர். நோயாளியைப் பார்க்க ஓர் அழைப்பு. நிக்காஹ் பதிவுப் புத்தகத்தோடு ஓர் அலைச்சல். அஸர். மீண்டும் மக்தபு. மஃரிப், இஷா. நடுவில் ஒரு ஜனாஸா வந்தால் அன்றைய உணவுகூடப் பிந்திவிடும். வெள்ளிக்கிழமை பயானுக்கு என்ன செய்வார்? சென்ற ஆண்டு பேசியதைப் பேசுவார். அல்லது கைப்பேசியில் வேறொருவர் பேசியதைக் கேட்டு அதனையே பேசுவார். இவர்மீது குற்றம் சுமத்த நமக்கு மனம் ஒப்பவில்லை. பத்தாண்டுகளாகப் பள்ளியின் தரைக்குச் சலவைக்கல்லும், முகப்புக்கு மினாராவும், மண்டபத்துக்குக் குளிர்சாதனமும் தேடிக் கொடுத்த ஜமாஅத்துகளுள், இமாமுக்கென்று ஓர் அரபு அகராதி வாங்கிக் கொடுத்தவை எத்தனை?

‘இதனால் எங்களுக்கென்ன நட்டம்? தொழுகை தடையின்றி நடக்கிறதே!’ என்பார் உண்டு. நட்டம் என்னவென்று கூறுகிறோம்.

ஒருவர் மௌத்தாகிறார். அவருக்கு மனைவி, வயது முதிர்ந்த தாய், ஆண்மக்கள் இருவர், பெண்மக்கள் மூவர். சொத்தை 168 பங்காக வகுத்தால் மனைவிக்கு 21, தாய்க்கு 28, ஆண்மக்களுக்குத் தலைக்கு 34, பெண்மக்களுக்குத் தலைக்கு 17 என்பது ஃபராயிள் கணக்கு. இதனை ஸிராஜி ஓதிய காலத்தில் நம் இமாம் விரல்நுனியில் வைத்திருந்தவர்தாம். பதினைந்தாண்டுகள் அந்தக் கிதாபைத் தொடாத பின்னர், குடும்பத்துப் பெரியவர்கள் அவரை அழைத்து அமர வைத்து, ‘பெண்களுக்குத்தான் சீர் வரிசை செய்து கொடுத்தாயிற்றே ஹஜ்ரத், தாய்க்கும் பிள்ளைகள் கஞ்சி ஊற்றுவார்கள்’ என்கிறார்கள். மறுத்துரைக்க வேண்டுமாயின் நெஞ்சுரம் மட்டும் போதாது. கணக்கும் சட்டமும் அந்த நொடியில் நாவில் இருக்க வேண்டும். அவர் தயங்குகிறார், தயக்கம் சம்மதமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. பெண்மக்கள் மூவரின் 51 பங்கும் முதிய தாயின் 28 பங்கும் அந்தத் தயக்கத்தில் கரைந்து போகின்றன. வீட்டுக் கடன், நகைச் சீட்டு, பங்குச் சந்தை, மருத்துவக் காப்பீடு என்று நாள்தோறும் வந்து நிற்கும் புதிய கேள்விகளைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஆராயாமல் ‘ஹராம்’ என்பாரும் உண்டு. ஆராயாமல் ‘கூடும்’ என்பாரும் உண்டு. இரண்டாலும் பாதிக்கப்படுவது கேட்டு வந்த குடும்பம்.

இங்கே ஒன்று குறிப்பிட வேண்டும். தொட்டில் தொடங்கி மண்ணறை வரை கல்வி தேட வேண்டும் என்னும் வாசகத்தை நபிமொழி என்று கூறி மேடைதோறும் முழங்குகிறோம். கருத்து நல்ல கருத்துத்தான். ஆயினும் ஹதீஸ் கலை வல்லோர் அதனை நபிமொழியாக ஏற்கவில்லை. கல்வி முடிவற்றது என்று முழங்குகிற அந்த வாசகத்தையே நாம் கிதாபைத் திறந்து சரிபார்க்கவில்லை! இதனினும் உறுதியான சான்று குர்ஆனிலேயே இருக்க, நாம் வேறெங்கும் செல்ல வேண்டியதில்லை. வஹீயைப் பெற்றுக் கொண்டிருந்த பெருமானார் (ஸல்) அவர்களுக்கே, அறிவைப் பெருக்கித் தருமாறு இறைவனிடம் கேட்கும்படி தாஹா அத்தியாயத்தின் 114-ஆம் வசனத்தில் கட்டளை வருகின்றது. அண்ணலார் முடிக்காத ஒன்றை நாம் முடித்துவிட்டோமாம்.

நம் ஹனஃபி மத்ஹபின் தூண்களுள் ஒருவரான இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களின் வாழ்வை இங்கே சற்று விரித்துரைக்க விரும்புகிறோம். மேடைகளில் அவர்கள் பெயர் அடிபடும் அளவுக்கு அவர்கள் வாழ்வு பேசப்படுவதில்லை.

ஹிஜ்ரி 113-இல் கூஃபாவில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர்கள் அவர்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் பாட அவையில் சென்று அமர்ந்தபோது வீட்டார் தடுத்தனர். தடுத்தவர் தந்தை என்பது ஓர் அறிவிப்பு. தாய் என்பதும், துணி வெளுப்பவரின் கடையில் வேலைக்கு விட்டிருந்த மகனைப் பாட அவையிலிருந்து அவர் இழுத்துச் சென்றார் என்பதும் மற்றோர் அறிவிப்பு. எதுவாயினும் காரணம் ஒன்றே: வறுமை. ஆசிரியர் என்ன செய்தார்கள்? ‘பொறுமையாக இரு, அல்லாஹ் கொடுப்பான்’ என்று உபதேசம் செய்து அனுப்பவில்லை. நூறு திர்ஹம் கொண்ட பையைக் கையில் கொடுத்தார்கள்; தீர்ந்தால் தெரிவிக்கும்படி கூறினார்கள். தீர்ந்துவிட்டது என்று மாணவர் ஒருமுறையும் வாய்திறந்து கூற நேரவில்லை. அதற்கு முன்னரே அடுத்த பை வந்துகொண்டிருந்தது. கொடுத்தவர் பட்டுத் துணி வணிகர் என்பதையும் நினைவில் கொள்க. கடையில் அமர்ந்து வணிகம் செய்தவரேதான் பெரும் பாட அவையையும் நடத்தினார்கள்.

அந்த ஏழை மாணவர் பின்னாளில் கலீஃபா ஹாரூன் அர்ரஷீதின் ஆட்சியில் தலைமைக் காழியாக உயர்ந்தார்கள். ‘முடித்தவர்’ என்று எவரையேனும் கூறலாம் என்றால் இவர்களைக் கூறலாம். அவர்களோ அப்பதவியில் இருந்துகொண்டே கிதாபுல் கராஜ் என்னும் நூலை எழுதினார்கள். நிலவரி எவ்வாறு விதிப்பது, ஆறுகளையும் கால்வாய்களையும் எவ்வாறு பேணுவது என்றெல்லாம் ஆராயும் நூல் அது. வரிக்காக மக்களை அடித்துத் துன்புறுத்தலாகாது என்று கலீஃபாவுக்கே எடுத்துரைக்கும் நூல். சிறைக் கைதிகளைச் சங்கிலியோடு தெருவில் பிச்சையெடுக்க அனுப்பும் வழக்கத்தை வன்மையாகக் கண்டித்து, அவர்களுக்கு அரசே உதவித்தொகை வழங்க வேண்டும் என்றார்கள். ‘கிதாபுப் புழுக்களுக்கு உலகம் தெரியாது’ என்று நகைப்போர் இந்நூலை ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும். உலகம் தெரிந்த கிதாபு எப்படி இருக்கும் என்று காண்பார்கள்.

ஹிஜ்ரி 182. மரணப் படுக்கை. மயக்கத்திலிருந்து கண்விழித்த இமாமவர்கள், நலம் விசாரிக்க வந்திருந்த இப்ராஹீம் பின் அல்ஜர்ராஹிடம், ஹஜ்ஜில் கல்லெறிவதை நடந்தவாறு செய்வது சிறந்ததா, வாகனத்தில் இருந்தவாறு செய்வது சிறந்ததா என்று ஒரு மஸ்அலாவை எடுத்தார்கள். வந்தவர் திகைத்தார். இருவரும் ஆராய்ந்தனர். விடைபெற்று எழுந்தவர் வாயிலைக் கடப்பதற்குள் உள்ளிருந்து அழுகுரல் எழுந்தது என்று வரலாறு கூறுகின்றது.

‘அதெல்லாம் பெரியவர்களுக்கு, வயிற்றுப்பாட்டுக்கு அலையும் இக்காலத்து ஆலிம் எங்கே படிப்பார்?’ என்பது அடுத்த வாதம். வயிற்றுப்பாடு அக்காலத்திலும் இருந்தது. ஹிஜ்ரி 261-இல் மறைந்த இமாம் கஸ்ஸாஃப் (ரஹ்) செருப்புத் தைத்துப் பிழைத்தவர்; அப்பெயரே அத்தொழிலால் வந்தது. வக்ஃபுச் சட்டங்களைப் பற்றி அவர் எழுதிய நூலை இன்றளவும் அறிஞர் எடுத்தாளுகின்றனர். நம் கடலோர ஊர்களின் ஷாஃபிஈ மக்கள் மதிக்கும் கஃப்பால் அல்மர்வஸீ (ரஹ்) பூட்டுச் செய்யும் கொல்லர். முப்பது வயதில்தான் கற்கவே தொடங்கினார். ஆகவே தொழில் கல்விக்குப் பகையன்று. ஆனால் ஒன்று: செருப்புத் தைத்தவரின் மாலைப்பொழுது அவருக்குச் சொந்தமாக இருந்தது. நம் இமாமுக்கு அது இல்லை. குறைந்த ஊதியமும் கொடுத்து, வேறு தொழிலுக்கும் நேரம் விடாமல், வாசிப்புக்கும் நேரம் விடாமல் மூன்று வாயிலையும் அடைத்துவிட்டு, ‘இக்கால ஆலிம்களிடம் இல்மு இல்லை’ என்று திண்ணையில் அமர்ந்து பேசுவது எவ்வகை நியாயம்?

கல்லூரிகளின் பக்கம் வருவோம். அங்கும் நிலைமை மகிழ்வதற்குரியதாக இல்லை. தேர்வு முடிந்த மறுவாரமே பாடநூல்களைப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போடும் பிள்ளைகளை விட்டுவிடுவோம். அவர்களுக்குக் கற்பித்தவர்களைப் பார்ப்போம். முனைவர் பட்டத்துக்கு ஓர் ஆய்வேடு, பதவி உயர்வுக்குச் சில கருத்தரங்கக் கட்டுரைகள் என்பதோடு நின்றுவிடுவோர் பலர். அந்த ஆய்வேட்டை எழுதியவர் வாழும் தெருவில் அதனைப் பற்றி அறிந்தவர் ஒருவரும் இரார். கொழும்பில் ஒளிர்ந்த ம.மு. உவைஸ் அவர்களோ வேறு வகையினர். தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டு பற்றிய அவர்களின் பட்ட ஆய்வு 1953-இல் நூலாயிற்று. அத்தோடு அவர்கள் ஓயவில்லை. பின்னாளில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் அமர்ந்து, பி.மு. அஜ்மல்கானோடு இணைந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார்கள். 1973-இல் திருச்சியில் கூடிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு போன்றவற்றால் நம் புலவர்களின் பெயர்கள் பல்கலைக்கழகத்துக்கு வெளியேயும் பேசப்பட்டன.

மதரஸாப் பக்கத்திலும் இத்தகையோர் இல்லாமல் இல்லை. 1816-இல் பிறந்து 1898-இல் மறைந்த கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள், அரபு மட்டுமே கற்றோர்க்காக எழுதியதோடு அமையாமல், நம் பாட்டிமார் அடுப்படியிலும் ஓதக்கூடிய அரபுத்தமிழில் ஃபத்ஹுத் தய்யான் என்னும் ஃபிக்ஹு நூலை ஆக்கித் தந்தார்கள். வேலூர் பாக்கியாத்தில் ஓதி வந்த ஆ.கா. அப்துல் ஹமீது பாகவி அவர்கள் 1920-களில் தொடங்கிய குர்ஆன் தமிழாக்கம் முழு நூலாக வெளிவர 1949 ஆயிற்று. ஸனது வாங்கிய அன்று அவர்களும் ‘முடித்திருந்தால்’ நம் வீட்டு அலமாரிகளில் இன்று என்ன இருந்திருக்கும்?

நம் பெண்மக்களைப் பற்றிக் கூறாமல் விடலாகாது. நிஸ்வான் மதரஸாக்கள் ஊர்தோறும் எழுந்துள்ளன, நல்லது. ‘ஆலிமாப் பெண்தான் வேண்டும்’ என்று தேடித் தேடி மருமகள் கொள்கிறார்கள், அதுவும் நல்லதே. கொண்டு வந்த பின் நடப்பது என்ன? சீர்ப் பாத்திரங்கள் புகுந்த வீட்டுக்கு வருகின்றன. கிதாபுகள் தாய்வீட்டுப் பரணில் தங்கிவிடுகின்றன. ஐந்தாண்டு ஓதிய பெண்ணிடம் அக்குடும்பம் எதிர்பார்க்கும் இல்மு, ரமலானில் தராவீஹுக்குப் பெண்களை ஒன்றுகூட்டுவதோடு நின்றுவிடுகின்றது. அவளுடைய மாமனார் மௌத்தாகிச் சொத்துப் பிரிக்கும் நாளில், அந்த வீட்டிலேயே ஃபராயிள் ஓதிய ஒருத்தி இருக்கிறாள் என்பது எவர் நினைவுக்கும் வருவதில்லை. ஆடவர் அமர்ந்து பேசும் கூடத்துக்கு அவள் தேநீர் அனுப்புகிறாள்.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. லுஹருக்கும் அஸருக்கும் இடைப்பட்ட நேரம் இமாமின் முதாலஆவுக்கு உரியது என்று ஜமாஅத் தீர்மானம் எழுதட்டும். அந்நேரத்தில் பாத்திஹாவுக்கோ கடை திறப்புக்கோ அழைக்க மாட்டோம் என்று ஊரார் ஒப்பட்டும். ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் விளக்குச் செலவு, வர்ணச் செலவு என்று எழுதும் ஏட்டில் கிதாபுச் செலவு என்றும் ஒரு வரி ஏறட்டும். பணம் இல்லை என்பாருக்கு, மக்தபா ஷாமிலா என்னும் கணினி நூலகத்தில் ஆயிரக்கணக்கான அரபு நூல்கள் விலையின்றிக் கிடைக்கின்றன என்பதையும் கூறி வைக்கிறோம். ஒரு கணினியின் விலை போதும். மாதம் ஒருநாள் இமாமும், ஊர்க் கல்லூரி ஆசிரியரும், ஓதிய பெண்கள் திரைக்கு அப்பாலும் அமர்ந்து ஒரு கிதாபின் ஒரு பாடத்தை ஓதி ஆராயட்டும். பட்டதாரிப் பிள்ளைகளும் வரட்டும். முப்பது வயதில் தொடங்கிய கொல்லரை அவர்களுக்கு நினைவூட்டலாம்.

‘பள்ளியில்தான் கிதாபு அலமாரி இருக்கிறதே’ என்பார் முத்தவல்லி. இருக்கிறது, நாமும் பல ஊர்களில் பார்த்திருக்கிறோம். யாரோ ஒரு செல்வர் தம் தந்தையின் பெயரால் வக்ஃபு செய்தது. கண்ணாடிக் கதவு, பித்தளைப் பூட்டு. சாவியைக் கேட்டால், அது நிர்வாகியின் வீட்டில் இருப்பதாகவும் அவர் வெளியூர் சென்றிருப்பதாகவும் மோதினார் கூறுகிறார்.